பின்விளக்கு

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஸெகெட் நகரமே அணைந்தது.
டிஸா ஆற்றுப் பாலம், டிராம் நிறுத்தம்,
மூன்றாம் மாடியின் குளிர்பெட்டிகள்,
எல்லாம் ஒரே மூச்சில்.
இந்தக் கட்டடம் இத்தனை நாளாய்
எவ்வளவு முனகிக்கொண்டிருந்தது என்று
அப்போதுதான் தெரிந்தது.

டார்ச்சோடு மாடியேறினேன்.
இரவுக் காவல்காரன் நான். இருட்டு என் இலாகா.

கடைசி அறையில் ஒரு பெண் கத்தினாள்:
"விளக்கை அணையுங்கள்!"
ஊரில் அணைக்க மிச்சமிருந்தது
அந்த ஒரு விளக்குதான்.

கெரெகெஷ் செங்கே என்று பெயர் சொன்னாள்.
மேஜைமேல் கண்ணாடித் தட்டு, அதில் அமிலத் தண்ணீர்,
தண்ணீரில் ஓர் அரிசி நீளத்துக்கு ஜெல்.
"இது துடிக்கும்."
துடிக்கவில்லை.
விருந்தாளி வந்ததும் பாட்டை நிறுத்திக்கொள்ளும் பிள்ளைபோல
ஆரஞ்சாய்ச் சும்மா கிடந்தது.
"உங்கள் வெளிச்சம் பட்டுவிட்டது. சிவப்பு மட்டும்தான்
இதைத் தொந்தரவு செய்யாது."
அவளுடைய சிவப்பு விளக்கோ மின்சாரத்தோடு போயிருந்தது,
கேமராவும்.

கீழே இறங்கி
என் சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றி வந்தேன்.
மின்னி மின்னி அணைகிற விளக்கு;
நின்று எரிய மூன்று முறை அழுத்த வேண்டும்.

சிவப்பில் ஆரஞ்சு என்பது வெளிச்சம்.
பச்சை என்பது கறுப்பு.
வெகுநேரம் கழித்து இடது ஓரம் கறுத்தது.
கறுத்த இடம் உப்பியது.
உப்பல் மெல்ல மறு ஓரத்துக்கு ஊர்ந்தது,
பின்னாலேயே சுருக்கமும்.

"மோட்டார்?"
"இல்லை."
"பாட்டரி?"
"இல்லை. தண்ணீரில் புரோமேட், இரண்டு அமிலம்.
ஜெல்லின் இழையிலேயே ருதீனியத்தைக் கோத்திருக்கிறோம்.
உள்ளே சண்டை மூண்டால் உப்பும்,
சமாதானமானால் சுருங்கும்."
"எப்போது நிற்கும்?"
"தீனி தீர்ந்தால்."

பன்றிக்கால் வேகவைத்து உறையவிட்ட ஜெல்லியை
குளிர்காலம் முழுக்கத் தின்கிற ஜனங்கள் நாங்கள்.
அதுவும் ஆடும்,
ஆனால் யாராவது மேஜையை இடிக்க வேண்டும்.
மிஷ்கோல்ட்ஸ் ஊரில் அதற்குள்ளிருந்து
ஒரு தவளை கண் சிமிட்டியதாகச் சொலவடை உண்டு.
சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெப்பமூட்டி செத்த அறை குளிர்ந்தது.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு துடிப்பு,
ஆறுக்கு ஒன்று,
ஏழு.
என் கம்பளித் தொப்பியைக் கழற்றித் தட்டைச் சுற்றப் போனேன்.
"வேண்டாம். குளிர்வதையும் எழுத வேண்டும்."

மூன்றே முக்காலுக்கு அவள் தலை மேஜையில் சாய்ந்தது.
"இருபது நிமிடம் மட்டும்" என்று பென்சிலை நீட்டினாள்.

பால் லாரி ஓட்டியிருக்கிறேன்,
கிடங்கு காத்திருக்கிறேன்,
இரவென்றால் எவ்வளவு நீளம் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
ஆனால் அந்த ஏழு நிமிடம் வேறு.
மூன்றாவது முறை
ஏழு முடிந்தும் வெளிச்சமாகவே கிடந்தது.
போயிற்று, என் காவலில் போயிற்று.
அவளை எழுப்ப நாற்காலியை நகர்த்தினேன்.
இடது ஓரம் கறுத்தது.

எழுதினேன். கை நடுங்கியதால்
நாலு ஒன்பதுபோல விழுந்தது.

நாலே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.
குளிர்பெட்டிகள் மறுபடி முனகின.
அவள் எனக்கு நன்றி சொன்னாளா, நினைவில்லை.
கேமராவிடம் ஓடினாள்.

பின்விளக்கை நான் திருப்பிக் கேட்கவில்லை.
பாலத்தில் போலீஸ்காரர் அபராதம் எழுதும்போது
காரணம் கேட்டார்.
"கடன் கொடுத்திருக்கிறேன்" என்றேன்.
"யாருக்கு?"
அதற்கு என்னிடம் சரியான சொல் இல்லை.

மார்ச்சில் அந்த அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள்.
அலையலையாய் ஒரு கோடு.
நடுவில் கோடு அறுந்து
வெறும் புள்ளிகளாய்ப் போய்
மறுபடி கோடாகிறது.
பத்தொன்பது புள்ளிகள்.
மூன்று என்னுடையவை.
அதில் ஒன்று வரிசையைவிட்டுச் சற்றுத் தள்ளியிருக்கிறது.
என் கைக்கடிகாரம்
எப்போதுமே கொஞ்சம் முந்தும்.